மேல்வீட்டுத் தண்ணீர்

அக்டோபரில் தொடங்கியது.
முதலில் ரம்பம்.
பிறகு ரம்பத்தைவிட மோசமான மௌனம்:
தப்பாக அறுபட்ட பலகையைப்
பார்த்துக்கொண்டு நிற்பவளின் மௌனம்.

நான் கீழ்வீட்டுக்காரன்.
தம்பெரே நகரத்தில், பிஸ்பாலா மேட்டில்,
இரண்டு ஏரிகளுக்கு நடுவே
பழைய மரவீடு.
என் தலைக்கு மேலிருக்கும் பலகைதான்
ஹில்க்காவுக்குத் தரை.
அவள் தும்மினால் என் விளக்கு ஆடும்.

படியில் வைத்துக் கேட்டேன்.
"மீன்தொட்டிக்கு ஒரு தாங்கி" என்றாள்.
எவ்வளவு பெரிய தொட்டி?
"இருநூற்று நாற்பது லிட்டர்."
ரொட்டிப் பையோடு ஏறிப் போய்விட்டாள்.

அன்றிரவு கணக்குப் போட்டேன்.
தண்ணீர் இருநூற்று நாற்பது கிலோ.
கண்ணாடி ஐம்பது, மணல் முப்பது,
பிறகு அவள் வாங்கப்போகும் பாறை
(வாங்காமல் இருக்கமாட்டாள்).
கூட்டிப் பார்த்தால் ஒரு மட்டக்குதிரை.
எனக்கு மேலே எங்கோ
நின்றபடி தூங்கப்போகிறது.

நவம்பரில் உப்புத்தாள்.
பெரிய பூனை ஒன்றை யாரோ
மணிக்கணக்கில் தடவிக்கொடுப்பதுபோல.
தாளின் எண் ஏற ஏறச்
சத்தம் மெலிந்துகொண்டே போய்
கடைசியில்
காது கொடுத்தால்தான் கேட்டது.
காது கொடுத்தேன்.

அப்புறம் வார்னிஷ்.
காற்றுக்குழாய் வழியே இறங்கி
என் காபியில், கம்பளிச் சட்டையில்.
"வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறாயா?"
பஸ் டிப்போவில் டோய்மி கேட்டான்.
அன்று மாலையே மேலே போய்க் கதவைத் தட்டினேன்.
சண்டைக்குத்தான்.
ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.

நடுவறையில் நின்றது அது.
பைன் மரம்.
மூலைகளில் பிதுங்கிய பசையை
உளியால் சுரண்டிய தடம்.
ஒரு கதவு மற்றதைவிட நூலளவு தாழ்வு.
முன்பலகையில் ஒரு கணு, கறுத்து.
"எத்தனை பூச்சு கொடுத்தாலும்
குடித்துவிடுகிறது" என்றாள்.
சுவரைப் பார்க்கும் பின்புறம்கூட
ஐந்து பூச்சில் பளபளத்தது.
யார் பார்க்கப்போகிறார்கள் அதை?
"தண்ணீருக்கு முன்புறம் பின்புறம் கிடையாதே."

என் வாக்கியம் எங்கே போனதோ.
நான் கேட்டது:
எந்த உத்தரத்தின்மேல் வைக்கப்போகிறாய்?

அவளுக்குத் தெரியாது.
அவள் தரை முழுக்க லினோலியம்.
எனக்குத்தான் தெரியும்.
விடிகாலை நாலு மணி ஷிப்டுக்கு முன்
மல்லாந்து கிடந்து எண்ணுகிறவன் நான்.
ஏழு உத்தரம்.
மூன்றாவதில் விரிசல்.
ஆறாவது எல்லாவற்றிலும் தடித்தது.

கீழே வந்தேன், மேஜைமேல் ஏறினேன்,
துடைப்பக் கட்டையால் தட்டினேன்.
டொக்.
மேலே முட்டிபோட்டு நகரும் சத்தம்.
சுண்ணக்கட்டி கீறும் சத்தம்.
இரண்டு விரல் தள்ளி, டொக்.
குதிகாலால் ஒரு பதில்:
கிடைத்தது.
ஆறு. ஐந்து. நாலு.
மூன்றைத் தட்டாமல் விட்டேன்;
விரிசல் என்பதைத்
தட்டிச் சொல்ல வழியில்லை.

நல்ல மூன்றும் ஓடுவது
என் கட்டிலுக்கு நேர் மேலே.
தெரிந்தேதான் தட்டினேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு நிரப்பினாள்,
வாளி வாளியாக.
பாதியில் கூப்பிட்டாள்.
ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவே நின்றது.
தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை;
இடப்பக்கம் ஒரு தீக்குச்சித் தடிமன் உயர்ந்து நின்றது.
ரசமட்டத்தைத் திட்டினாள்.
ஊற்றியதையெல்லாம் இருவரும்
மறுபடி இறைத்தோம்.
அதே பைனில் ஒரு சிம்பைச் சீவி,
அதற்கும் உப்புத்தாள் போட்டு
(உனக்கென்ன பைத்தியமா, ஹில்க்கா)
இடக்காலுக்கு அடியில் செருகினாள்.

மீன் இன்னும் வரவில்லை.
தண்ணீர் பழக ஐந்தாறு வாரம் ஆகுமாம்.
விளக்கு மட்டும் எரிகிறது அங்கே,
வெறும் மணலுக்கும் ஒரு பாறைக்கும்.
இரண்டு பாறைக்கு.

இரவில் பம்ப்பின் முணுமுணுப்பு
நாலாவது உத்தரம் வழியே இறங்குகிறது.
நேற்று அவள் தும்மினாள்.
நிமிர்ந்து பார்த்தேன்.
விளக்கு ஆடவில்லை.