ஒன்பது சென்டிமீட்டர்

ஜூனியர் போட்டிக்குத் தார்த்துவில்
யார் வரிசையில் நிற்கப்போகிறார்கள்?
நேரே உள்ளே போகலாம்.
ஏழாம் வரிசை எங்களுடையது. சீட்டில் அப்படி இல்லை,
வாசல்காரருக்குத் தெரியும்:
மருந்துக்கடை ஹெல்யோ, பேருந்து ஓட்டும் காலெவ்,
மடியில் துணிநரியோடு மாரெட்,
நகோயாவிலிருந்து இரண்டு விமானம் மாறி வந்த மியாகோ,
அப்புறம் நான், பென்சிலோடு.

அவன் பனியில் கால் வைக்கும் முன்பே
வாதம் தொடங்கிவிட்டது.
ஏப்ரலில் நூற்று அறுபத்தைந்து.
இப்போது நூற்று எழுபத்து நாலு.
பெற்றவள் அளந்தாளோ இல்லையோ
நாங்கள் அளந்தோம், புகைப்படங்களில்,
தடுப்புப் பலகையின் விளிம்பை அளவுகோலாக்கி.
“ஒரே கோடையில் ஒன்பது” என்றான் காலெவ்,
டீசல் விலை சொல்லும் குரலில்.
“கால் நீண்டால் போதுமா, காலுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டாமா?”
“பிள்ளை வளர்வது குற்றமா?” ஹெல்யோ சீறினாள்.
“குற்றம் என்றா சொன்னேன்? ஆக்சல் போயிற்று என்றேன்.”

போன வருஷம் இதே பனியில்
முன்னோக்கி ஏறினான், மூன்றரைச் சுற்று,
பின்னோக்கி இறங்கினான்.
கை நொடிப்பதற்குள் முடிந்துவிட்டது.
அதை வைத்துக்கொண்டுதான்
குழாய் உறைந்த ஜனவரியையும்
வாடகை ஏறிய பிப்ரவரியையும் கடந்தேன்.
சிரிக்காதீர்கள்.
நீங்களும் எதையோ பிடித்துக்கொண்டுதான் நிற்கிறீர்கள்.

ரூபென் தாம்பெர்க்.
பெயர் ஒலித்ததும் நரி எழுந்து நின்றது.
புதுக் கறுப்புச் சட்டை,
யாரிடமோ இரவல் வாங்கிய முழங்கால்கள்.
அக்கார்டியன் மூச்சிழுத்தது.
நீள வளைவு, இடது கால், ஏறினான்,
எதற்கு வந்தோம் என்பதை மறந்தவனாய்
நடுவானில் விரிந்துவிட்டான்.
ஒன்றரைதான்.

எங்கள் மொழியில் குறில் உண்டு, நெடில் உண்டு,
நெடிலையும் தாண்டி இன்னொரு நீளம் உண்டு.
அரங்கம் அந்த மூன்றாவதில் சொன்னது:
ஆஅஅ.

அத்தோடு விட்டிருக்கலாம். திட்டத்தில் அடுத்தது லூப்.
ஆனால் அவன் முன்பக்கம் திரும்பினான்.
முகம் முன்னே வைத்து ஏறும் தாவல்
ஒன்றே ஒன்றுதான்.
“வேண்டாம்டா” என்றான் காலெவ்.
மாரெட் நரியின் கண்களைப் பொத்தினாள்.

முழுசாகச் சுற்றினான். சுற்றினான் என்றுதான் சொல்வேன்.
கத்தி பனியைத் தொட்டது, நின்றது, நின்ற மாதிரி,
பிறகு இடுப்பு, பிறகு சர்ரென்று முதுகு,
பிறகு பலகையில் ஒரு தொம்.
ஐந்நூறு பேர் ஒன்றாக உச்சுக்கொட்டினோம்.

கால் சுற்றுக் குறைவா, இல்லையா?
குறைவு, காலெவ். இல்லவே இல்லை, ஹெல்யோ.
நான் பென்சிலால் தாளில் வட்டம் போட்டு
கத்தி நின்ற கோணத்தைக் காட்டினேன்.
முன்வரிசை ஆள் திரும்பிப் பார்த்து
அவரும் ஒரு வட்டம் போட்டார்.
நாங்கள் தலை நிமிர்ந்தபோது இசை முடிந்திருந்தது,
மியாகோ மட்டும் எழுந்து நின்று
கை வலிக்கத் தட்டிக்கொண்டிருந்தாள்.
“கடைசிச் சுழலை” என்றாள், தட்டுத்தடுமாறி,
“நீங்கள் யாருமே பார்க்கவில்லை.”

எங்களில் எவரும் வாய் திறக்கவில்லை.
பென்சிலைப் பைக்குள் போட்டேன்.

நரி பாதி தூரம் பறந்து பனியில் விழுந்தது.
பொறுக்க வந்த சிறுமிகளை முந்தி அவனே எடுத்தான்.
வெளியேறும் இடத்தில் தலை குனிந்தான்.
மனம் உடைந்துவிட்டது என்று ஹெல்யோ அழுதாள்.
மேலே குறுக்குக் கம்பி தாழ்வாக இருந்தது,
அவ்வளவுதான் என்று பிறகு தெரிந்தது.
பதினோராம் இடம்.
நடுவர்களை நோக்கி காலெவ் ஊதிய விசில்
அவர்கள் காதில் விழுந்ததா, தெரியாது.

தங்கம், சுவோனிலிருந்து வந்த சுண்டைக்காய்ப் பையனுக்கு.
குரல் இன்னும் உடையவில்லை,
ஒலிபெருக்கியில் நன்றி சொன்னது கீச்சென்று கேட்டது.
நியாயம் நியாயம்தானே, தட்டினோம்.
மேடையில் கையுயர்த்தி அசைத்தான்.
மியாகோ கண்ணைச் சுருக்கினாள்.
மணிக்கட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை
சட்டைக்கை ஏறியிருந்தது.