நான்கு கேள்விக்குறிகள்

ஐஸ்லாந்துக்கு இருட்டு திரும்பிவரும் செப்டம்பர்.
துறைமுகத்தில், மீன் எடைபோடும் அறையில்,
இரவு பதினொன்று.
காலையில் காட் மீன் கிடந்த தராசில்
இப்போது ஒரு பஃபின் குஞ்சு.
நிலவென்று நம்பி ஊர் விளக்குக்குப் பறந்து வந்தது,
எண்ணாக மாறச் சம்மதமில்லாமல்
என் கையுறையைக் கடிக்கிறது.

நிரலில் நான் எழுதியது ஒரே வரி:
அட்டவணையில் சேர். அடைப்புக்குள்
நான்கு கேள்விக்குறிகள்.
வளைய எண், எடை, தேதி, கொண்டுவந்தவர்.
அவற்றைப் பதில்களால் நிரப்புவது லைப்ரரியின் வேலை.
லைப்ரரி என்று பெயர்தான்,
அலமாரி கிடையாது, அமைதி கேட்பவரும் கிடையாது.
ஒரு தபால்காரர் மாதிரி
கொடுப்பதை வாங்கிப்போய்ச் சேர்த்துவிட்டு
‘ஒரு வரிசை’ என்று திரும்பி வரும்.

முதல் இரவு கமிட் சொல்ல மறந்துபோனேன்.
ஜன்னலை மூடியதும்
நாற்பத்தொரு குஞ்சுகள் இல்லாமல் போயின.
அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடலில் நன்றாக இருந்தன.
தூக்கம் போனது எனக்கு.

இன்று எட்டாவதாக நின்றவள் ஹால்பெரா, வயது ஆறு.
அட்டைப்பெட்டியில் மூச்சுவிட ஓட்டைகள்
கொஞ்சம் அதிகமாகவே போட்டிருந்தாள்.
குஞ்சின் காலில் ஏற்கெனவே வளையம்.
எண்ணைத் தட்டினேன். என்டர்.

சிவப்பு எழுத்துகள்:
இந்த எண் முன்பே உள்ளது.

தப்பாகத் தட்டினேனோ என்று
குஞ்சைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தேன்.
அதே எண். அதே மறுப்பு.
அப்புறம்தான் உறைத்தது.
பழைய வரிசையைத் தேடி எடுத்தேன்:
நேற்று. இருநூற்று எழுபது கிராம்.
கொண்டுவந்தவர் ஒட்கெய்ர், ஐஸ் ஆலைக்காரர் மகன்.
காலையில் பாறை முனையிலிருந்து
அவனே வீசிப் பறக்கவிட்டான்.
ஒரு பகல் முழுக்கக் கடலைப் பார்த்துவிட்டு
பெட்ரோல் பங்க் விளக்குக்கே வந்திருக்கிறது.

“என்ன சொல்லுது?”
“நேத்தே வந்துடுச்சாம்.”
“அப்போ இது என்னோடது இல்லையா?”

மேலெழுதினால் ஒட்கெய்ர் அழிவான்.
விட்டுவிட்டால் இவள் அழுவாள்.

பின்னால் ஏழு பெட்டிகள்
உள்ளிருந்து கீறிக்கொண்டிருக்க,
நின்றபடியே இன்னோர் அட்டவணை செய்தேன்.
பெயர்: வருகைகள்.
ஒரே எண் எத்தனை முறையும் வரலாம்.

இருநூற்று அறுபத்தொன்று.
ஒரு நாளில் ஒன்பது கிராம் இளைத்திருக்கிறது.
என்டரை ஹால்பெராவே தட்டினாள்,
தேவைக்கு மேல் அழுத்தி.
கமிட் சொன்னேனா என்று
இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

பிறகு, விளக்கை அணைக்கச் சொல்லலாமென்று
பெட்ரோல் பங்குக்கு ஃபோன் போட்டேன்.
யாரும் எடுக்கவில்லை.