செம்புக் கூடு

மழைக்கு இன்னும் பத்து நாள் என்கிறார்கள்.
செம்பூரில் ஏழு மாடி, மேலே மொட்டைமாடி,
அதற்கும் மேல் தண்ணீர்த் தொட்டி,
தொட்டியின் தோளில் இருபதடிக் குழாய்,
குழாயின் உச்சியில் என் மூன்று கம்பி யாகி.
மூன்று பக்கமும் இழுத்துக் கட்டியிருக்கிறேன்.
கட்டுக்கம்பியைச் சுண்டினால் சுரம் வர வேண்டும்,
மூன்றும் ஒரே சுரமென்றால் குழாய் நேராக நிற்கிறது.
மேற்குக் கம்பி இன்று
பல்லுப்போன வாயால் பேசுகிறது.

ரிஸ்வான் முன்பு கேபிள் டிவி இழுத்தவன்,
இப்போது இண்டர்நெட் இழுக்கிறான்.
உயரம் மட்டும் அதேதான் தீதி, என்பான்.
இடுப்புப் பட்டை மாட்டாமல் ஏறப் பார்த்தான்.
ஐந்நூறு குறையும் என்றேன்.
மாட்டிக்கொண்டான்.

போன வருஷம் டர்ன்பக்கிளில் அப்பிய கிரீஸ்
எங்கே போயிற்று?
இங்கிருந்து கடல் தெரியாது.
ராத்திரியில் அதுவே வந்து
எல்லாவற்றையும் நக்கிவிட்டுப் போகிறது.
கோஆக்ஸ் முனையைத் திருகிக் கழற்றினால்
உள்ளே பச்சை,
துலக்காத குத்துவிளக்கின் குழியில் இருக்குமே, அந்தப் பச்சை.
வெட்டிவிட்டுப் புது முனை போட வேண்டும்.
ஒரு சாண் போகும். போகட்டும்.

செக்ரட்டரி கோல்ஹட்கரின் கடிதம் என் பையில் மடிந்திருக்கிறது:
ஜூன் ஒன்றுக்குள் இறக்கவும்,
லிஃப்ட் அடிக்கடி நிற்பதற்கு இதுவே காரணம்.
ரயில்வேயில் சிக்னல் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
லிஃப்ட் ஏன் நிற்கிறதென்று எனக்குத் தெரியும்,
அவருக்கும் தெரியும்.

"தீதி, கூடு."

மேலிருந்து கத்துகிறான்.
குழாயும் குறுக்குத் தண்டும் சேரும் மூட்டில்
காக்கை கட்டியிருக்கிறது.
எஸ்.டபிள்யூ.ஆர். முள் ஏன் ஏப்ரலிலிருந்து
இரண்டரையில் போய் உட்கார்ந்துகொண்டதென்று
இப்போது புரிகிறது.

என்னவெல்லாம் இருக்கிறது, சொல்லு.
சட்டை ஹேங்கர். கட்டடக் கம்பி. மூக்குக்கண்ணாடிக் கால் ஒன்று.
அப்புறம் உன்னுடையது, தீதி.
என்னுடையதா?
செம்பு. முழம் முழமாக வெட்டினது.

மார்ச்சில் இரண்டு மீட்டர் அலைக்கு ஒரு சின்ன ஆண்டெனா செய்ய
ஐந்து துண்டு அளந்து வெட்டி
தொட்டிச் சுவரில் வரிசையாக வைத்துவிட்டு
டீ குடிக்க இறங்கினேன்.
திரும்பி வந்தபோது சுவர் மட்டும் இருந்தது.
அன்றைக்கு மொட்டைமாடிக்கு வந்தவன் ஒருவன்தான்,
வாட்ச்மேன் மகன் யோகேஷ்.
அளவுநாடாவின் மறுமுனையை எப்போதும் அவன்தான் பிடிப்பான்.
செம்பு கிலோ என்ன விலை போகிறது தெரியுமா, என்று கேட்டேன்.
அவ்வளவுதான் கேட்டேன்.
அதற்குப் பிறகு அவன் மேலே வரவில்லை.

எத்தனை துண்டு, ரிஸ்வான்?
நாலு தெரிகிறது.
ஐந்தாவது?
அடியில் இருக்கலாம்.
இருக்கும். அடியில்தான் இருக்கும்.

தாய்க் காக்கை அவன் தொப்பியைக் கொத்துகிறது.
எடுத்து வீசட்டுமா?
உள்ளே என்ன?
நாலு சிவப்பு வாய்.
காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சாம்.
தொட்டில் செம்பு, என் செலவு.
விடு, என்றேன். மேற்குக் கம்பியை மட்டும் இறுக்கு.
கோல்ஹட்கருக்குப் பதில் நான் எழுதிக்கொள்கிறேன்.

இறுக்க இரண்டு பேர் வேண்டும்.
நான் டர்ன்பக்கிளைத் திருக
கொக்கியை அழுத்திப் பிடிக்க ஒரு கை.
ரிஸ்வானின் கை இருபதடி உயரத்தில்.

போன ஞாயிறு ரீயூனியன் தீவிலிருந்து ஒருவர்
என் குரல் பக்கத்து அறையில் போலக் கேட்கிறது என்றார்.
கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தேன்.
ஏழு மாடி.
கேட் அருகே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு
செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று முறை கூப்பிட வேண்டும்.
பிறகு வாயை மூடிக்கொண்டு
கேட்க வேண்டும்.
எங்கள் முறை அதுதான்.

யோகேஷ்.
யோகேஷ்.
யோகேஷ்.

கீழே தண்ணீர் மோட்டார் ஓடுகிறது.