நாற்பது நாற்பது

இரண்டு பத்துக்குப் பதுளை மெயில் போனது.
இரண்டு பதினொன்றுக்குச் சம்பள ஓட்டம் விழுந்தது.

ரயிலைத்தான் முதலில் சந்தேகித்தேன்.
ஹட்டனில் இந்தக் கட்டிடம்
தேயிலைப் பெட்டி அடுக்கக் கட்டினது;
மேல்மாடிப் பலகை இன்னும் அதிரும்.
டிஸ்க் அலமாரியின் ஒரு காலுக்கு
நாலாய் மடித்த அட்டை வைத்திருக்கிறோம்.
பிறகு ஈரத்தை.
ஏசி பழுதாகி ஒன்பது நாள்.
ஜன்னலைத் திறந்தால் குளிர் வரும், மிஷினுக்கு நல்லது;
கூடவே பனியும் வரும், டேப்பின் தலை வேர்க்கும்.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
தலையில் குற்றமில்லை.

கன்சோலில் பச்சை எழுத்து: சீரோ சீ ஏழு.
எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை.
அவ்வளவுதான் சொல்லும்.
யார், எந்தத் தோட்டம், எந்த நாள்
என்பதை நாமே தோண்ட வேண்டும்.

ரிஸ்மி கோப்பை உள்ளது உள்ளபடி அச்சில் விட்டான்.
ஊறிய தாள், ஓரத்துளை கிழிந்து மூன்று முறை சிக்கியது.
தரையில் விரித்து, முட்டி போட்டு,
அடிமட்டம் வைத்து வரிவரியாய் நகர்ந்தோம்.
இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினொரு ஆட்களின் மாதம்:
முழுப்பேருக்குப் பத்து,
அரைப்பேருக்கு ஐந்து,
வராத நாளுக்குப் பூச்சியம்,
பத்து, பத்து, ஐந்து, பத்து,
ஒரு கட்டத்தில் மட்டும்
நாற்பது நாற்பது.

நாற்பது என்றால் நாற்பதில்லை.
இதன் பாஷையில் அது வெற்றிடம்,
எவரும் எதுவும் எழுதாத இடம்.
பூச்சியத்துக்கு வேறு குறி, அதைக் கூட்டலாம்.
வெற்றிடத்தைக் கூட்டச் சொன்னால்
மழுப்பாமல் நின்றுவிடும்.
அந்தக் குணத்துக்காகவே இதை எனக்குப் பிடிக்கும்.

கல்லுமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
எண் நானூற்றுப் பதினேழு, ராசம்பாள்.
இருபத்துமூன்றாம் திகதி.

கையேடு, பக்கம் முப்பத்தொன்று:
பழுதான பதிவில் பூச்சியம் இட்டு ஓட்டத்தைத் தொடர்க.
நாலுக்குள் தொடங்காவிட்டால்
பட்டியல் காலை ஜீப்பைப் பிடிக்காது.
"போடுங்க மிஸ், ஒரு நாள்தானே."
ஒரு நாள் என்று எங்கள் லயத்தில் யாரும் சொன்னதில்லை.
ஒரு பேர் என்போம்.
இந்த மாசம் எத்தனை பேர் விழுந்துச்சு, என்போம்.

கிளாக்கர் மரியசூசை
பதினான்காவது மணியில் எடுத்தார்.
"யாரு செத்தது?" என்றுதான் தொடங்கினார்.
யாருமில்லை ஐயா, ராசம்பாளுக்கு
இருபத்துமூணாந் திகதி ஒண்ணுமே போடலயே?
இருமினார். பாய் சுருட்டும் சத்தம், அல்லது மழை.
"அன்னைக்கு அவ பதினஞ்சே முக்கால் கிலோ. நோர்ம் பதினாறு.
கணக்கப்பிள்ள அரைப்பேர்னான்.
கொழுந்துல தண்ணின்னு ரெண்டு கிலோ கழிச்சீங்களே,
அது யாரு கணக்குன்னு அவ கேட்டா.
சண்ட.
அப்புறமா எழுதலாம்னு விட்டேன்."

இப்ப என்ன போட?

கம்பியில் காற்று.
"...போடுங்க," என்றார்.
அதற்கு முன்னால் ஒரு சொல் இருந்தது.
அரையா, முழுசா,
மலை தின்றுவிட்டது.
மறுபடி சுழற்றினேன். செத்த கம்பி.

மூன்று நாற்பத்தெட்டு.
ரிஸ்மி ஜன்னலைச் சாத்தினான், திறந்தான்.
நான் அந்தக் கட்டத்துக்குப் போய்
பத்து என்று அடித்தேன்.

விழுந்த இடத்திலிருந்தே எழுந்து ஓடியது.
ஐந்தே காலுக்கு முடிவுக்குறி: பூச்சியம்.
அந்த ஓரிடத்தில் மட்டும்
பூச்சியம் என்றால் எல்லாம் சரி.

பிழைப் பதிவேட்டில் எழுதினேன்.
காரணம்: எண்ணுக்குரிய இடம் வெறுமை.
செய்தது: உரிய மதிப்பு இடப்பட்டது.
நேரம். கையொப்பம்.
அனுமதித்தவர் என்ற கட்டத்தில்
பேனா முனையை வைத்துக்கொண்டு கொஞ்சம் இருந்தேன்.
கீழே ஜீப் ஹார்ன் அடித்தது.

அப்படியே விட்டு மூடினேன்.
காகிதம்தானே,
அது எதற்கும் நிற்காது.