ஒன்னுமில்ல, சும்மா

அரிசி டப்பாமேல் செல்போனைச் சாய்த்து
சிவப்புப் புள்ளியைத் தொட்டுவிட்டுச்
சம்மணமிட்டு உட்கார்ந்து
வயலின் தலையைக் காலில் நிறுத்துவதற்குள்
நான்கு நொடி போய்விடும்.
அந்த நான்கு நொடியில்
ராயக்கோட்டை ரோட்டில் ஒரு டாரஸ் லாரி
கியர் மாற்றிக்கொண்டு ஏறும்.
என் பதிவுகள் எல்லாவற்றுக்கும்
வாசலில் ஒரு லாரி.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில்
ஏழாம் நம்பர் கூண்டு எனக்கு.
எட்டு மணி நேரம் ஹாரன் தின்ற காது
வீட்டுக்கு வந்ததும் இளகிவிடுகிறது.
நான் வாசிப்பதை விட்டுவிட்டு
வாசிக்க நினைத்ததைக் கேட்டுத்
தலையாட்டுகிறது.

செல்போனுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

முதல் பதிவைப் போட்டுக் கேட்டபோது
வேறு யாரோ என்று நினைத்தேன்.
காந்தாரம் ஒரு நூல் கீழே நின்றது,
வாடகை பாக்கி வைத்தவள்
வீட்டுக்காரர் கதவைத் தாண்டுவதுபோலப்
பதுங்கிப் பதுங்கி.
சனிக்கிழமை வகுப்பில் பதினோரு பேர்.
மற்ற பத்துக் காந்தாரங்களுக்குள்
என்னுடையது ஒளிந்துகொள்ளும்.
மூன்று மாதமாக ஒளிந்திருக்கிறது.

அப்புறம் தெரிந்தது இன்னும்.
ஜண்டை வரிசையில் கஷ்டமான வரி
வருவதற்கு இரண்டு வரி முன்பே
வேகம் பிடிக்கிறேன்,
சுடுகாட்டைக் கடக்கும் சைக்கிள் மாதிரி.
வில் திரும்பும் இடத்தில் மூச்சை அடக்கி
மூக்கு வழியே விடுகிறேன்.
தாளத்தில் விழுவது
அது ஒன்றுதான்.

இரவு ஷிப்டில் இரண்டு மணிக்கு மேல்
ஓசூர்ப் பக்க வண்டிகள் குறையும்.
பாஸ்டேக் படிக்காத வண்டிக்கு மட்டும்
வாய் திறந்தால் போதும்.
ஒரு காதில் இயர்போன்,
ரசீதின் பின்பக்கத்தில் கோடுகள்:
சறுக்கிய இடத்துக்கெல்லாம் ஒரு கோடு.
திங்கள் இருபத்து மூன்று.
புதன் பதினெட்டு.
வியாழன் இருபத்தாறு, தூக்கம் இல்லை.

முப்பத்தொன்றாம் பதிவின் நடுவே
கதவு தட்டும் சத்தம்.
கீழ்வீட்டு மாதேஷ்,
மோட்டார் ஓடுதா என்று பார்க்க வந்தவன்.
"என்னக்கா, என்னமோ சத்தம்?"
"ஒன்னுமில்ல, சும்மா."

அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.
காந்தாரத்தைவிடக் கீழே இருந்தது.
திருப்பிப் போட்டேன்.
ஒன்னுமில்ல, சும்மா.
முப்பத்தாறில் போனில் அக்காவிடம் அதே.
நாற்பதில் கேஸ் சிலிண்டர்காரரிடம்கூட.
அவர் எதுவும் கேட்கவே இல்லை.

அதற்கும் ரசீதில் கோடு போட்டேன்.
தனியாக, ஓரத்தில்.

காந்தாரம் இப்போது பத்தில் ஏழு முறை
தன் இடத்தில் வந்து நிற்கிறது.
முதல் பதிவை அழிக்கவில்லை.
அவ்வப்போது போட்டுக் கேட்டுக்
கொஞ்சம் சிரித்துக்கொள்வேன்,
ஏழு வந்த கதை தெரிய வேண்டுமே.

நேற்று மூன்றே காலுக்கு
தக்காளி ஏற்றிய வண்டி ஒன்று.
பாஸ்டேக் படிக்கவில்லை.
கருவியை எடுக்கக் குனிந்தபோது
இயர்போன் கழன்று
கூண்டு முழுக்க நாற்பத்தேழாம் பதிவு.
டிரைவர் எட்டிப் பார்த்தார்.
"என்னம்மா அது?"

வாய்வரை வந்துவிட்டது அந்தச் சொல்.
"வயலின்" என்றேன்.
"யாரு வாசிக்கிறது?"

தடுப்புக்கட்டை ஏறிவிட்டது.
அவர் நகரவில்லை.
பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி
பொறுமையிழந்து ஹாரன் அடித்தது,
ஏறக்குறைய பஞ்சமத்தில்.