சமக்குறி

மெஸ்தியாவில் பத்திரம் பதிகிறவள் நான்.
பசுவுக்கும் மதிலுக்கும் வாய்க்கால் திருப்பத்துக்கும்
முத்திரை குத்திப் பழகிய கை.
பிப்ரவரி. வாசலில் முழங்கால் பனி.

லமாரா முதலில் வந்தாள்.
கையுறைக்குள்ளிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள்
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கருவி.
அரை மணி கழித்து பெக்னூ,
பூட்ஸை உதறி, அவளைப் பாராமல்
இன்னொன்றை வைத்தான்.
அதே வார்ப்பு. மூலையில் மட்டும் பல் பட்ட தடம்.
நாயோ குழந்தையோ, கேட்கவில்லை.

விவாகரத்துத் தாளில்
வீடு அவளுக்கு, லாரி அவனுக்கு.
ஒரு பிட்காயின் முகவரி மட்டும் காலிக் கட்டம்.
நிரூபிப்பவருக்கே உரியது என்று எழுதி
நீதிபதி மலையேற்றிவிட்டிருந்தார்.

எங்கள் ஸ்வான் வழக்கம் ஒன்றுண்டு:
கோயில் படத்தின் முன் சத்தியம்.
அதற்குமேல் முறையீடு கிடையாது.
இருவருமே வேண்டாமென்றார்கள்.
படத்துக்கு இன்னும் பயப்படுகிறவர்கள்.

ஆகவே கருவியின் கையொப்பம்.
நான் ஒரு வாக்கியம் தருவேன்.
வயிற்றிலிருக்கும் சாவியை வெளியே காட்டாமல்
அது ஒப்பமிடும்.
உதவியாளன் ஜாபா கணினியில் சரிபார்ப்பான்.

எங்கள் எழுத்தை அந்தச் சின்னத் திரைக்கு வாசிக்கத் தெரியாது.
லத்தீனில் உடைத்து எழுதினோம்:
'இந்த முகவரி என்னுடையது',
தேதி, வழக்கு எண்.
பெயரைச் சேர்க்க மறந்தேன்.
இருபத்தோராண்டுத் தொழிலில் அன்றுதான்.

லமாரா ரகசிய எண்ணை அழுத்தினாள்.
வாக்கியம் மூன்று துண்டாக ஊர்ந்தது.
'என்னுடையது' வந்த இடத்தில்
கட்டைவிரல் சற்று நின்றது.
பிறகு இரண்டு பொத்தானும் ஒருசேர.
எண்பத்தெட்டுக் குறிகள்,
கடைசியில் ஒரு சமக்குறி.
செல்லும், என்றது கணினி.

பெக்னூ. அதே வாக்கியம்.
அவன் விரல் நிற்கவில்லை,
அல்லது நான் கவனிக்கவில்லை.
செல்லும்.

ஜாபா இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.
எழுத்துக்கு எழுத்து,
கூட்டல் குறி உட்பட.

என் தொழிலில் இரண்டு கையெழுத்து அச்சாய் ஒத்தால்
ஒன்று கள்ளம்.
மனிதக் கை ஒரே வளைவை இருமுறை போடாது.
இங்கே இரண்டும் மெய்.
ஒரே சாவி, ஒரே வாக்கியம்,
வேறு ஒப்பம் எங்கிருந்து வரும் என்றான் ஜாபா.
இருபத்துநான்கு சொற்கள் தெரிந்தால் போதும்,
எந்தக் கருவியிலும் சாவி மறுபடி பிறக்கும்.

சொற்களை எழுதியது யார்?
"நான் எழுதினேன்" என்றாள்.
"நான் வாசித்தேன்" என்றான்.
மாவு மூட்டைச் சீட்டின் பின்புறம்,
கரண்ட் போய் எந்திரங்கள் வாயடைத்த இரவு,
போன் வெளிச்சத்தில்.
பதினெட்டாவது சொல்லில் அவன் தும்மினான் என்றும் சொன்னாள்,
சொன்னதற்காகத் தன்மேலேயே எரிச்சலானாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
இந்தப் பதினான்கு மாதமும்
இருவரில் எவரும், எந்த ராத்திரியும்,
மொத்தத்தையும் வேறிடம் அனுப்பியிருக்கலாம்.
நிரூபிக்க வேண்டியதே இல்லை.
தூக்கம் வராத ஒரு நேரம், இரண்டு பொத்தான்.
ஜாபா திரையை என் பக்கம் திருப்பினான்:
கடைசியாகக் காசு அசைந்தது
அவர்கள் பிரிவதற்கு முந்தைய இலையுதிர்காலம்.

யாரும் வாய்திறக்கவில்லை.
அடுப்பில் ஒரு விறகு சரிந்தது.

ஒத்திருந்தால் ஒப்பம்.
இசைந்தால் ஒப்பு.
முதலாவதுக்குத்தான் என்னிடம் முத்திரை இருக்கிறது.

ஒரே ஒப்பத்துக்கு இரண்டு ரசீது போட
என் ஏட்டில் வழியில்லை.
ஒருவர் கட்டணம் போதும் என்றேன்.
யார் கட்டுவது என்று கால் மணி நேரம் சண்டை.

மலையிறங்க ஒரே மார்ஷ்ருட்கா, மூன்று மணிக்கு.
அவள் முன்சீட்டில், அவன் கடைசியில்,
தனித்தனிப் பைகளில் அதே சாவி.

மேஜையில் இரண்டு தாள்.
சமக்குறிக்கு வலப்பக்கம்
விடை எழுத வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.
அங்கே முத்திரையைக் குத்தி
மை காயும்வரை ஊதினேன்.