வெறும் தண்ணீர்

சிங்தாவ் துறைமுகத்துக்கு மேலே, நான்காம் மாடி.
கடல் மணம் இங்கே ஏறி வராது.
இருப்பது மரத்தூளும் எலி மூத்திரமும்.

காடைகளை எனக்குப் பிடிக்கும். மறைக்கத் தெரியாதவை.
ஈஸ்ட் கலந்த தீனி போட்ட மூன்றாம் வாரம்
எச்சத்தின் வெள்ளை தடிக்கும்.
அந்த வெள்ளைதான் யூரிக் அமிலம்,
ஊசி எதற்கு, தட்டைப் பார்த்தால் போதாதா என்பேன்.
டாக்டர் லுவான் சிரிப்பார். சிரித்துவிட்டு
இறக்கை நரம்பில் இரண்டு சொட்டு எடு என்பார்.

சுண்டெலி கதை வேறு.
அமிலத்தை அரிந்து கரைத்து அனுப்பிவிட
அதன் ஈரலில் ஒரு கத்தி உண்டு.
நம் முன்னோர் எந்த மரத்திலோ
அதைத் தவறவிட்டு இறங்கினார்கள்.
கோடி ஆண்டாயிற்று,
யாரும் திரும்பிப் போய்த் தேடவில்லை.
எலியை நம்மைப் போலாக்க
நாம் தொலைத்ததை அதனிடமிருந்தும் பிடுங்க வேண்டும்.
பிடுங்கினோம். கருவிலேயே.
பிறந்தவற்றில் பாதி, பால்குடி மறக்குமுன்
சிறுநீரகத்தில் மணல் சேர்ந்து செத்தன.
மீதியை நிறுத்தி வைத்திருப்பது
குடிநீரில் கரைத்த அலோபியூரினால்.

அதே மாத்திரை என் சட்டைப்பையிலும்.
மோ ச்சுவான்லின், ஆண், வயது நாற்பத்தாறு,
ஐந்நூற்று எழுபது.
தீனி: மட்டி, பிளாஸ்டிக் பையில் பீர்.
கூண்டு: ஆறாம் மாடி, லிஃப்ட் இல்லை.
போன மாதம் ஒரு நள்ளிரவில்
பெருவிரல் மேல் போர்வை பட்டது.
போர்வைதான். மலை விழுந்த மாதிரி.
காலையில் ஒற்றைச் செருப்போடு வந்து
எல்லாத் தட்டையும் கழுவினேன்.
அன்று முப்பத்தொன்றாம் காடையும் நொண்டியது.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

இன்று பலகையில் எழுதியிருக்கிறது:
ஏழு முதல் பன்னிரண்டு வரை, வெறும் தண்ணீர்.
லுவானின் கையெழுத்து.
பன்னிரண்டை அழித்து, மறுபடி எழுதியிருக்கிறார்.

மருந்துப் புட்டியைக் கழற்றினேன்.
புதியதை மாட்டினேன்.
ஒன்பதாம் கூண்டுக்காரி ஓடி வந்து
குழாய்முனையை நக்கி, நின்று,
மீண்டும் நக்கினாள்.
ருசி மாறியது தெரிந்ததோ என்னவோ.

விரல் தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று.
ஒரு துணுக்கு போதும். யாருக்கும் தெரியாது.
எண்ணுக்குத் தெரிந்துவிடும்.
அந்த எண்ணை நம்பித்தான் என்றாவது
யாரோ எனக்கு நல்ல மருந்து எழுதப் போகிறார்.

எடுத்தேன். நானே போட்டுக்கொண்டேன்,
தண்ணீர் இல்லாமல்.
கொஞ்ச நேரம் தொண்டையிலேயே நின்றது.